புச்சினியின் குட்டி வால்ட்ஸை வாசிக்கக் கற்றுக்கொள்வது எப்படி

பியானோவில் இரண்டு கைகளையும் ஓரளவு சேர்த்து வாசிக்க வந்துவிட்டது, பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிற துண்டுகள் அலுத்துவிட்டன, ஆனால் பெரிய சொனாட்டாக்களுக்குக் கை இன்னும் பழகவில்லை. இந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜாக்கொமோ புச்சினி எழுதிய ‘பிக்கோலோ வால்ட்ஸெர்’ என்ற சின்ன வால்ட்ஸை, அதாவது மூன்றடித் தாளத்தில் வரும் நடன இசையை, எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பியானோவைப் பாட வைப்பது எப்படி என்பதை இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தருகிற வேறொன்றை எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

புச்சினி என்றால் எல்லோருக்கும் ஓபராதான். லா போயெம், டோஸ்கா, மதாம் பட்டர்ஃப்ளை, துரந்தோத். பியானோவுக்கென்று அவர் எழுதியவை கைவிரல் விட்டு எண்ணிவிடக்கூடியவை. ஆனால் அவர் கை பியானோ அறியாத கை அல்ல. 1858இல் இத்தாலியின் லூக்கா நகரில், தலைமுறை தலைமுறையாகத் தேவாலய இசை பார்த்த குடும்பத்தில் பிறந்தார், இளவயதிலேயே ஆர்கன் வாசித்தார், ஓபராக்களையும் பியானோ முன்னால் உட்கார்ந்துதான் உருவாக்கினார்.

இந்த வால்ட்ஸ் வெளிவந்தது 1894இல், ஜெனோவாவில் நடந்த ஒரு போர்க்கப்பல் விழாவை ஒட்டி வந்த இதழில். அப்போது அவர் லா போயெம் எழுதிக்கொண்டிருந்தார். கையில் இருந்த நல்ல மெட்டை வீணாக விடுகிற ஆள் இல்லை அவர். மாணவப் பருவத்தில் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய கப்ரிச்சியோ சின்ஃபோனிக்கோவின் ஒரு பகுதிதான் லா போயெமின் தொடக்க இசை ஆனது, 1890இல் நால்வர் தந்திக் குழுவுக்கு எழுதிய கிரிசாந்தெமியின் மெட்டுகள் மனோன் லெஸ்கோ என்ற ஓபராவுக்குள் போயின. அதேபோல இந்தக் குட்டி வால்ட்ஸும் லா போயெமின் இரண்டாம் அங்கத்துக்குள் போய் முசெட்டாவின் பாட்டாக மாறிவிட்டது. 1896 பிப்ரவரி 1 அன்று டூரின் நகரின் தேயாத்ரோ ரெஜியோ அரங்கில், ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் டோஸ்கனீனி நடத்திய முதல் அரங்கேற்றத்திலிருந்து இன்றுவரை உலகம் இந்த மெட்டைப் பாட்டாகத்தான் அறியும். பியானோ வடிவம் அதன் நிழலில் ஒதுங்கிவிட்டது.

நமக்கு இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. சொல் இல்லாத பியானோ துண்டு ஒன்றை வாசிக்கும்போது எங்கே மூச்சு விடுவது, எங்கே இழுப்பது, எந்த ஸ்வரம் முக்கியம் என்று தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே அதற்கெல்லாம் விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஏனென்றால் இதே மெட்டுக்குச் சொல்லும் காட்சியும் இருக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகிற வரிசை வழக்கமானது அல்ல. கீபோர்டைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் இதில் பாதி.

முதலில் நோட்ஸ்

புச்சினி 1924இல் இறந்துவிட்டார், காப்புரிமைக் காலம் முடிந்த படைப்பு, ஆகவே இணையத்தில் உள்ள பொதுவெளி இசைத்தாள் நூலகங்களில் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: தேடினால் மூன்று விதமான தாள்கள் வரும். ஒன்று, புச்சினி பியானோவுக்கு எழுதியது. இன்னொன்று, பாடகருக்கான தாள். அதில் குரல் தனி வரியிலும், ஆர்கெஸ்ட்ராவைச் சுருக்கிய பியானோ கீழே இரண்டு வரியிலும் இருக்கும். மூன்றாவது, யாரோ எளிமைப்படுத்தி, வெள்ளைக் கட்டைகளே போதுமான சி மேஜருக்கு மாற்றியது. உங்களுக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும். மூன்றாவது வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கருவியைப் பொறுத்தவரை, நல்ல பியானோதான் வேண்டும் என்று இல்லை. ஆனால் விரல் அழுத்தத்துக்கு ஏற்றாற்போல் ஒலி கூடிக்குறைய வேண்டும். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கித் தொட்டாலும் ஒரே சத்தம் தருகிற கீபோர்டில் இந்தத் துண்டைக் கற்பதில் பயனே இல்லை, இதன் உயிரே அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. கூடவே ஒரு சஸ்டெயின் பெடல் (ஒலியை நீட்டி நிறுத்தும் கால்மிதி) வேண்டும். 61 கட்டைகள் மட்டும் உள்ள கீபோர்டில் ஓரங்களில் இடம் போதாமல் போகலாம், 76 அல்லது 88 இருந்தால் நிம்மதி.

கேட்பது, அதுவும் இந்த வரிசையில்

பியானோ பதிவை முதலில் கேட்காதீர்கள். பாட்டைக் கேளுங்கள். இத்தாலியத்தில் ‘குவாந்தோ மென் வோ’ என்று தொடங்கும். முதல் அரங்கேற்றத்தை நடத்திய அதே டோஸ்கனீனி, சரியாக ஐம்பது ஆண்டு கழித்து 1946இல் நியூயார்க் வானொலிக்காக நடத்திய லா போயெமின் பதிவு இருக்கிறது. அதில் ஆன் மெக்நைட் முசெட்டாவாகப் பாடுகிறார். அதற்கு அப்புறம் 1972இல் காராயன் நடத்திய பதிவில் எலிசபெத் ஹார்வுட் பாடுவதைக் கேளுங்கள். முன்னது நடந்துகொண்டே போகும், பின்னது நின்று நின்று ரசிக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த மெட்டு எவ்வளவு தூரம் வளையும், எந்த இடத்தில் வளையாது என்று உங்கள் காதுக்கே தெரிந்துவிடும்.

காட்சி இதுதான். பாரிசின் லத்தீன் குவார்ட்டர், 1830களின் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, மோமுஸ் என்ற காஃபேயின் வாசல். ஒரு மேஜையில் ஓவியன் மார்செல்லோ நண்பர்களோடு இருக்கிறான். அவனுடைய பழைய காதலி முசெட்டா, ஆல்சிந்தோரோ என்ற பணக்காரக் கிழவரோடு வந்து பக்கத்து மேஜையில் உட்காருகிறாள். மார்செல்லோ அவளைப் பார்க்காதது போலவே இருக்கிறான். அப்போது அவள் பாடுகிற பாட்டு இது: நான் தனியாகத் தெருவில் நடந்து போனால் ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள், என் அழகைத் தலை முதல் கால் வரை தேடுகிறார்கள், அந்தப் பார்வை என்னைச் சூழ்வது எனக்கு இன்பமாக இருக்கிறது. அப்புறம் மெட்டு திரும்பி வரும்போது பேச்சு நேராக அவனிடம் திரும்புகிறது: எல்லாம் நினைவிருந்தும் உருகிக்கொண்டிருக்கிற நீ என்னிடமிருந்து ஏன் இப்படி ஓடுகிறாய்?

பாட்டு முடிந்ததும் ஒலியை நிறுத்திவிடாதீர்கள், அந்த அங்கத்தை முடிவுவரை கேளுங்கள். செருப்பு கடிக்கிறது என்று பொய் சொல்லிக் கிழவரைச் செருப்புத் தைப்பவரிடம் அனுப்பிவிடுவாள். அடுத்த நொடி மார்செல்லோவே இந்த மெட்டை எடுத்து உரத்துப் பாடுவான், சுற்றி எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். ஒயிலாகத் தொடங்கிய ஒரு சின்ன வால்ட்ஸுக்குள் இவ்வளவு பெரிய உணர்ச்சி ஒளிந்திருந்ததா என்று அந்த இடத்தில் புரியும். அதைக் கேட்டவர் பியானோவில் இதை வெறும் நடனத் தாளமாக வாசிக்கமாட்டார்.

அடுத்து, பாடுங்கள்

கூச்சமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், ஆனால் பாடாமல் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, உங்களுக்கு வசதியான சுருதியில், தாழ்த்திப் பாடினாலும் போதும். இத்தாலியச் சொல் வாயில் நுழையவில்லை என்றால் ஏதாவது அர்த்தமில்லாத அசைகளை வைத்துக்கொள்ளலாம், புச்சினியே அதைத்தான் செய்தார். மெட்டு முதலில் இருந்தது, அதற்குச் சொல் வேண்டும், எத்தனை அசை வேண்டும் என்று காட்டுவதற்கு ‘கொக்கொரிக்கோ, கொக்கொரிக்கோ, பிஸ்டெக்கா’ என்று எழுதி அனுப்பினார். சேவல் கூவுவதும் மாட்டிறைச்சித் துண்டும். அந்த அச்சில்தான் ‘குவாந்தோ மென் வோ, குவாந்தோ மென் வோ, சொலெட்டா’ வந்து உட்கார்ந்தது.

பாடும்போது கவனிக்க வேண்டியது வாக்கியத்தின் வடிவம். ஒரு சின்ன வீச்சு, இன்னொரு சின்ன வீச்சு, அப்புறம் நீளமாகப் போகிற ஒரு வரி. முதல் இரண்டுக்குப் பிறகும் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, மூச்சை முழுதாக இழுக்க அல்ல, யார் பார்க்கிறார்கள் என்று கண்ணை ஓட்ட. மூன்றாவது வரியை உடைக்கக்கூடாது. பாடகருக்கான தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் மூச்சு விடுகிற ஒவ்வொரு இடத்திலும் பியானோ தாளில் பென்சிலால் ஒரு காற்புள்ளி போடுங்கள். பியானோ தாளும் பாட்டும் ஒவ்வொரு பாரிலும் (தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி) ஒத்துப்போகவேண்டும் என்று தேடாதீர்கள், முதன்மையான மெட்டு பொருந்தினால் போதும். இந்தக் காற்புள்ளிகள்தான் கடைசிவரை உங்களுக்கு வழிகாட்டி, விரல் எண்களைவிட முக்கியம்.

நான்கு ஷார்ப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

ஓபராவில் இந்தப் பாட்டு ஈ மேஜரில் இருக்கிறது. எஃப், சி, ஜி, டி நான்கும் ஷார்ப், அதாவது அரைப்படி உயர்த்தி வாசிக்க வேண்டியவை. தாளின் தொடக்கத்தில் நான்கு ஷார்ப்பைப் பார்த்ததும் புதியவர்கள் சி மேஜர் தாளைத் தேடி ஓடுகிறார்கள், அல்லது கீபோர்டில் சுருதியை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு வெள்ளைக் கட்டையிலேயே வாசிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். படிக்கத்தான் கொஞ்சம் சிரமமே தவிர, கைக்கு ஈ மேஜர் சி மேஜரைவிட வசதி. நீளமான நடுவிரல்கள் உயரமான கறுப்புக் கட்டைகளில் உட்கார, குட்டையான கட்டைவிரல் வெள்ளைக் கட்டையில் இயல்பாக விழுகிறது. பியானோ இசையமைப்பாளர் ஷோபான் தன் மாணவர்களின் கையை முதலில் வைக்கச் சொன்ன இடம் ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி. காரணம் இதேதான்.

ஈ மேஜர் ஸ்கேலை ஒரு வாரம் தினமும் ஐந்து நிமிடம் வாசியுங்கள். வலக்கைக்கு 1-2-3-1-2-3-4-5, இடக்கைக்கு 5-4-3-2-1-3-2-1. வேகம் வேண்டாம், ஒரு ஸ்வரம் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டும், நடுவில் சந்து விழக்கூடாது. கூடவே மூன்று கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு): ஈ (ஈ, ஜி ஷார்ப், பி), ஏ (ஏ, சி ஷார்ப், ஈ), பி செவன்த் (பி, டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ). கண்ணை மூடிக்கொண்டு இந்த மூன்றுக்கும் இடையே கை போய்வர வேண்டும்.

இடக்கை

வால்ட்ஸின் இடக்கைக்கு அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: முதல் அடியில் கீழே ஒரு பேஸ் (தாழ்ந்த ஸ்வரம்), அடுத்த இரண்டு அடியில் நடுவில் கார்ட். தாளில் எல்லா பாரிலும் இது அப்படியே அச்சடித்தாற்போல் வராது, ஆனால் நிழலாக எப்போதும் இருக்கும். இதைப் பழகும்போது இரண்டாகப் பிரியுங்கள். முதல் நாள் பேஸை மட்டும் வாசியுங்கள், பாருக்கு ஒரு ஸ்வரம், அதற்கு மேல் மெட்டை வாயால் பாடுங்கள். கேட்க வெறுமையாகத்தான் இருக்கும், ஆனால் மெட்டு எதன் மேல் நிற்கிறது என்று இதைவிட நன்றாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. அப்புறம் கார்டுகளைச் சேருங்கள், முடிந்த அளவு மென்மையாகத் தொட்டு.

இங்கே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இரண்டாம் மூன்றாம் அடிக் கார்டுகள் பேஸைவிட உரத்து வந்துவிடும், ஏனென்றால் பேஸ் ஒற்றை ஸ்வரம், கார்டில் இரண்டு மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து அடிக்கின்றன. அப்படி வந்தால் வால்ட்ஸ் நடனமாக இல்லாமல் அணிவகுப்பாகிவிடும். பேஸில் கையின் எடை இறங்கட்டும், கார்டுகளில் விரல்நுனி கட்டையிலிருந்து எழும்பாமலே அழுந்தட்டும். மூன்றாம் அடி இரண்டாவதைவிட இன்னும் மென்மையாக ஒலித்தால் அடுத்த பேஸ் தானாகவே இறங்கி உட்காரும். மெட்ரோனோம் (தாளம் தட்டிக்காட்டும் கருவி) வைத்தால் நிமிடத்துக்கு 50 அல்லது 60 அடியில் தொடங்குங்கள். இடக்கை மட்டும் தனியாக, நோட்ஸைப் பார்க்காமல் வரும்வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம். அதில் பிடிவாதமாக இருங்கள்.

வலக்கை

பாடிப் பழகியிருந்தால் இது எளிது. சில இடங்களில் வலக்கையில் மெட்டோடு வேறு ஸ்வரங்களும் சேர்ந்து வரும், அப்போது மேலே இருக்கிற ஸ்வரம்தான் முசெட்டாவின் குரல், மற்றவை அவளைச் சுற்றியிருக்கும் கூட்டம். மேல் ஸ்வரத்தை வாசிப்பது பெரும்பாலும் சுண்டுவிரல் அல்லது மோதிரவிரல், கையிலேயே பலமில்லாத இரண்டு விரல்கள், அதனால் ஒரு பயிற்சி: மேல் ஸ்வரத்தை நிறைந்த ஒலியோடு வாசியுங்கள், மற்ற விரல்கள் தங்கள் கட்டைகளைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும், அழுத்தக்கூடாது. பிறகு மெல்ல மெல்ல அவற்றையும் ஒலிக்க விடுங்கள், மேல் ஸ்வரத்தை அவை மூடத் தொடங்குகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

விரல் எண்களை உங்கள் காற்புள்ளிகளோடு ஒத்துப்பாருங்கள். மூச்சு விடுகிற இடத்தில் கையைத் தூக்கி நகர்த்தலாம், வாக்கியத்தின் நடுவில் தூக்கக்கூடாது. தாளில் அச்சடித்திருக்கும் விரல் எண் வாக்கியத்தை உடைத்தால் அந்த எண்ணை அடித்துவிட்டு உங்கள் கைக்கு ஏற்றதைப் போடுங்கள், அதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

சேர்ப்பது

நான்கு நான்கு பாராகப் பிரித்துக்கொள்ளுங்கள், கடைசி நான்கு பாரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். எல்லோரும் முதலிலிருந்தே தொடங்குவதால் முதல் பக்கம் அழகாகவும் கடைசிப் பக்கம் தடுமாறியும் நிற்கும், பின்னிருந்து வந்தால் எப்போதும் தெரிந்த இடத்தை நோக்கிப் போவீர்கள். முதலில் இடக்கையின் பேஸ் மட்டும் வலக்கையோடு, அப்புறம் கார்டுகளும் சேர்த்து. நடுப்பகுதியில் மெட்டு மாறுகிற இடத்துக்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள், பாட்டாகக் கேட்டு நினைவில் நிற்பது முதல் மெட்டுதான் என்பதால் நடுப்பகுதி எல்லோருக்கும் கை வராத இடம்.

பெடல்

கைகள் நன்றாகச் சேர்ந்த பிறகுதான் பெடல். சேராததை மறைக்க அதைப் பயன்படுத்தினால் பிறகு சரிசெய்வது கடினம். முறை இது: புதிய பேஸ் ஒலிக்கிற அதே கணத்தில் காலைத் தூக்குங்கள், ஒலித்த உடனே மறுபடி அழுத்துங்கள். பேஸோடு சேர்த்துக் காலை அழுத்தினால் பழைய கார்டும் புதிய கார்டும் கலந்து சேறாகிவிடும். பாருக்கு ஒரு முறை என்பது தொடக்கம். மெட்டு பக்கத்துப் பக்கத்து ஸ்வரமாக நடக்கிற இடங்களில் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். காது சொல்வதுபோல் கால் நடக்கட்டும்.

காலத்தை வளைப்பது

இதுவரை மெட்ரோனோமோடு வாசித்தீர்கள், இனி அதை அணைத்துவிடலாம். புச்சினியின் இசைத்தாள்களில் வேகத்தைக் குறைக்கவும் மீட்கவும் குறிப்புகள் நிறைய இருக்கும். ரிட் என்றால் வேகம் தணியும், ஆலார்காந்தோ என்றால் தணிவதோடு ஒலியும் விரியும், ஆ டெம்போ என்றால் பழைய நடைக்குத் திரும்பு. உங்கள் தாளில் உள்ளவற்றைப் பென்சிலால் வட்டமிடுங்கள். மூன்றில் புதியவர்கள் மறப்பது எப்போதும் ஆ டெம்போவைத்தான். வேகத்தைத் தணித்த பிறகு திரும்பி வரவில்லை என்றால் ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதைவிட மெதுவாகி, ஒரு பக்கம் முடிவதற்குள் வால்ட்ஸ் படுத்துவிடும்.

எவ்வளவு வளைக்கலாம்? முசெட்டா நடந்துகொண்டிருக்கிறாள் என்பதை மறக்காவிட்டால் போதும். பார்ப்பவர்களுக்காகக் கொஞ்சம் தயங்குவாள், ஓரிடத்தில் நின்று திரும்பியும் பார்ப்பாள், ஆனால் நடை நிற்காது. பாடகர்கள் மேல் ஸ்வரங்களில் தாராளமாக நிற்பார்கள், அவர்களுக்கு அங்கே குரல் இருக்கிறது, ஸ்வரத்தை வளர்த்துக்கொண்டே போக முடியும். பியானோவில் கட்டையை அழுத்திய அடுத்த நொடியே ஒலி தேயத் தொடங்கிவிடும், அதனால் பதிவில் கேட்ட அளவு நிற்காதீர்கள், அதில் பாதி போதும். மிச்சத்தை மேல் ஸ்வரத்துக்குப் போகிற வழியில் செலவழியுங்கள். உச்சியைவிட உச்சிக்கு ஏறுகிற படிகளை விரித்து வாசிப்பது பியானோவுக்குப் பொருந்துகிறது, கேட்கிறவருக்கும் குரல் ஏறுகிறதுபோலவே தோன்றும்.

ஒலி அளவுக்கு ஒரே ஒரு திட்டம் போடுங்கள்: துண்டு முழுவதிலும் மிக உரத்த இடம் எது? ஓபராவில் குரல் மேல் பி வரை ஏறி முடிகிறது. உங்கள் தாளில் அதற்கு இணையான இடத்தைக் கண்டுபிடித்து அதற்கு முன்னால் வருகிற எல்லாவற்றையும் அதைவிடக் குறைவாக வையுங்கள். முதல் முறை மெட்டு வரும்போது பக்கத்து மேஜைக்குக் கேட்டால் போதும், திரும்பி வரும்போது மார்செல்லோவுக்கே சொல்வதாக இருக்கட்டும்.

இத்தனையும் செய்ய, நாளுக்கு அரை மணி நேரம் உட்காருகிறவருக்கு ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், அவசரப்பட ஒன்றுமில்லை. வாசிக்க வந்ததும் கைபேசியில் பதிவு செய்து, உங்கள் பதிவோடு நீங்களே சேர்ந்து பாடிப் பாருங்கள். மூச்சு முட்டுகிற இடம் எங்கே வருகிறதோ அங்கே வேகமோ வாக்கியப் பிரிவோ தவறாக இருக்கிறது, அந்த இடத்தை மட்டும் எடுத்து வேலை செய்யுங்கள்.

இது கைக்கு வந்த பிறகு அதே ஆளின் வேறு சின்னத் துண்டுகள் சில இருக்கின்றன. ‘ஃபோலியோ தால்பும்’ அமைதியானது, ‘பிக்கோலோ டாங்கோ’ தாளத்துக்காகவே வாசிக்கலாம், 1899இல், இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா மின்கலம் கண்டுபிடித்த நூற்றாண்டை ஒட்டி எழுதிய ‘ஸ்கோஸா எலெட்ரிக்கா’ ஒரு துள்ளலான அணிவகுப்பு இசை. நான் முதலில் ஃபோலியோ தால்பும்மைத்தான் எடுக்கச் சொல்வேன், வால்ட்ஸில் பழகிய பெடலும் மேல் ஸ்வரப் பயிற்சியும் அதில் நேராக உதவும். பாடத் தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. முதலில் இறக்கி வைத்த அந்தப் பாடகர் தாளை எடுத்து, அவர் பாட நீங்கள் பக்கவாத்தியமாக வாசியுங்கள். இனி எங்கே நிற்பது என்பதை அவர் மூச்சுதான் முடிவுசெய்யும், நீங்கள் காத்திருந்து சேர்ந்துகொள்ள வேண்டும்.